டயரை மாற்றும் முன் ஆட்டத்தைத் தேடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் ஜீப், ஜிப்ஸி, ஜிம்னி, மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களின் கேள்விகள். பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைச் சுற்றுகின்றன: கையைக் கடிக்காத விலையில் கரடுமுரடுப் பாதைக்கான டயர், உதறும் ஸ்டீயரிங்.

என்னிடம் இருப்பது 2012 மாடல் ஜிப்ஸி. ஜி.எஸ்.டி. சாலையில் 60-ஐத் தொடும்போது பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் பயங்கரமாக உதறுகிறது. 30-க்குக் கீழே வந்தால்தான் நிற்கிறது. ஒரு மெக்கானிக் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் தடிமனான ஸ்டீயரிங் டேம்பர் (உதறலை அடக்கும், ஷாக் அப்சார்பர் போன்ற குழல்) போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், தாம்பரம்

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பள்ளத்தில் தொடங்குவது, தானாக நிற்காதது, வேகம் பாதியானால் அடங்குவது. இந்த மூன்றும் சேர்ந்தால் முன் ஆக்ஸில் ஒரே தண்டாக உள்ள வண்டிகளில் வரும் உதறல் அது. இரண்டு முன் சக்கரங்களையும் டை ராட் ஒன்றாகக் கட்டியிருக்கிறது. எங்காவது இணைப்பு தளர்ந்து ஆட்டம் இருந்தால் ஒரு சக்கரம் பள்ளத்தில் வாங்கும் அடி அடுத்த சக்கரத்துக்குப் போய்த் திரும்பி வரும். உங்கள் 205/70 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 8 தடவை சுற்றுகிறது. அந்தச் சுற்றும், தளர்ந்த முன்பகுதி இயல்பாக ஆடும் வேகமும் ஒத்துப்போகும்போது ஒவ்வொரு சுற்றும் ஆட்டத்தை இன்னும் தூண்டிவிடுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது மாதிரி.

டேம்பர் அந்த ஆட்டத்தை அமுக்கி வைக்கும். தேய்ந்த பாகம் உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கும். சில மாதத்தில் உதறல் திரும்பும், அப்போது முன்னைவிட மோசமாக இருக்கும். வண்டியோடு வந்த டேம்பரில் எண்ணெய் கசிந்தால் மாற்றுங்கள், அது வேறு. ஆனால் மருந்தாக டேம்பரை வாங்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமதளத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் காற்று. நான்கிலும் கம்பெனி சொன்ன அளவு இருக்கட்டும். பிறகு முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். உதறல் அடியோடு போய்விட்டால் குற்றவாளி டயரோ ரிம்மோ. செலவில்லாத சோதனை இது, பலர் இதைச் செய்யாமலே டயர் வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது தரையில் நிற்கும் நிலையிலேயே செய்வது. துணையாள் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே வெடுக் வெடுக்கென்று திருப்ப வேண்டும். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பாருங்கள்: ஸ்டீயரிங் பாக்ஸின் கை, டிராக் லிங்க்கின் (பாக்ஸின் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) இரு முனை, டை ராட் எண்டு இரண்டு. ஒரு பாகம் அசைந்து, அதோடு ஒட்டிய பாகம் சற்றுத் தாமதமாக அசைந்தால் ஆட்டம் அங்கேதான். சேஸிஸில் ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடத்தையும் பாருங்கள். போல்ட் தளர்ந்தோ, தகட்டில் விரிசல் விட்டோ பாக்ஸே நெளிவதுண்டு.

இனி ஜாக்கி. வண்டியைத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகே கையை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் துணையாளை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மிதித்த பிறகும் இருந்தால் கிங்பின், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு. இந்த ஒரு சோதனை தெரிந்தால், தேவையில்லாமல் பேரிங் செட் வாங்கும் செலவு மிச்சம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டு பக்கம் போங்கள்.

ஜிப்ஸியில் பெரும்பாலும் கிங்பின்னில்தான் போய் முடியும் என்று எதிர்பார்த்தே தொடங்கலாம். நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) பின்னால் இருக்கும் சீல் கிழிந்து கிரீஸ் வழிந்திருந்தால் மணலும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். கிங்பின்னின் மேல் மூடியைக் கழற்றினால் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். பேரிங் நல்ல நிலையில் இருந்து, ஆட்டம் மட்டும் இருந்தால் மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கி, மறுபடி பார்க்க வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிள் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை. கையால் திருப்பிப் பார்த்து "டைட்டா இருக்கு" என்று விடும் இடத்தில் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

ஷிம் எடுத்தும் சரியாகாத ஒரு நிலை உண்டு. பல ஆண்டுகள் நேராகவே ஓடிய வண்டியில் பேரிங்கின் உருளைகள் கிண்ணத்தில் சிறு பள்ளங்களைப் பதித்துவிடும். நக்கிளைக் கையால் திருப்பும்போது நடுவில் 'டக்'கென்று ஓரிடத்தில் உட்காருவது தெரியும். அப்படியானால் நான்கு பேரிங்கையும் கிண்ணத்தோடு மாற்றுங்கள், சீல் செட்டும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றிச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

டை ராட் எண்டு மாற்றும்போது ஒரு விஷயம்: எண்டு உட்காரும் கூம்புத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது எண்டும் ஒரே மாதத்தில் ஆடும். துளையை விரலால் தடவிப் பாருங்கள். நட்டை முறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால் இன்னும் சற்று முறுக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது.

இலைச் சுருளின் (லீஃப் ஸ்பிரிங்) யு-போல்ட், ஷேக்கிள் (சுருளின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) புஷ் ஆகியவையும் பட்டியலில் உண்டு. புது ரப்பர் புஷ் போட்டால், வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே ஷேக்கிள் நட்டை முழுதாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே ஒரு திருகு இருக்கிறது. ஆட்டத்தைக் குறைக்க அதை முறுக்கிவிடுவது பல பட்டறைகளின் குறுக்குவழி. மற்ற எல்லாம் சரியான பிறகே, சக்கரம் நேராக இருக்கும் நிலையில், மிகச் சிறிய அளவு. அதிகம் முறுக்கினால் திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.

இது எல்லாம் முடிந்து கடைசியில் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு. பொதுவாக 2 முதல் 4 மி.மீ. உள்நோக்கி, உங்கள் மேனுவலில் உள்ளதே இறுதி. ஒற்றைத் தண்டு முன் ஆக்ஸிலில் அலைன்மென்ட் கடையில் மாற்றக்கூடியது டோ ஒன்றுதான். கேம்பர், கேஸ்டர் (சக்கரத்தின், கிங்பின்னின் சாய்வுக் கோணங்கள்) 'அட்ஜஸ்ட்' செய்ததாக பில்லில் இருந்தால் அந்த வரிக்குப் பணம் தராதீர்கள்.

அதுவரை ஓட்டும்போது உதறல் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். கட்டை விரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு வெளியே வைத்து உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, இடது ஓரம் வாருங்கள். பெரிய உதறல் ஒன்று வந்து போனால் அன்றே போல்ட்டுகளைச் சரிபார்க்க வேண்டும்.

ஜிம்னி வைத்திருக்கிறேன். 195/80 ஆர்15 அளவில் ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமான) டயர் வகைகள் குறைவு, இருப்பவை விலை அதிகம். வாரநாட்களில் அம்பத்தூர் – கிண்டி, மாதம் ஒருமுறை ஜவ்வாது மலைப் பக்கம். என்ன போடலாம்? எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கான) டயரும் ஆசையாக இருக்கிறது.
– வாசகர், அம்பத்தூர்

டயர் விலையில் பெரிய பங்கு வகிப்பது அளவு. லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடும் அளவென்றால் போட்டியும் அதிகம், சரக்கும் புதிதாக இருக்கும். உங்களுக்குப் பக்கத்து அளவு 215/75 ஆர்15. பொலேரோ டயர். இந்தியக் கம்பெனிகள் பலவும் போடும் அளவு, ஏ.டி. வகைகளும் கிடைக்கும். கணக்கைப் பாருங்கள்: உங்கள் அசல் டயரின் விட்டம் 693 மி.மீ., இதன் விட்டம் 703.5 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை சதவீதம். மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 81 சொச்சம் போவீர்கள். வண்டி தரையிலிருந்து 5 மி.மீ. உயரும். அசல் ரிம்மிலேயே உட்காரும்.

அதற்கு மேல் 235/75 ஆர்15 என்று ஏறினால் விட்டம் 733 மி.மீ. ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதல். இழுவை குறையும், பிரேக் தூரம் நீளும், முழுதாகத் திருப்பும்போது உரசும், கிங்பின்னுக்கும் பேரிங்குக்கும் சுமை கூடும். தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 215/75-க்கு மாறும் முன்பும் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

எம்.டி. வேண்டாம். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச் சாலை. எம்.டி.யின் பெரிய பட்டன்களுக்கு (சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) நடுவே இடைவெளி அதிகம். சேற்றைத் துப்புவதற்கு அது அருமை. ஆனால் அக்டோபர், நவம்பர் மழையில் அண்ணா சாலைச் சிக்னலில் பிரேக் பிடிக்கும்போது சாலையைத் தொடும் ரப்பர் குறைவு, அதனால் நிற்கும் தூரம் கூடும். சத்தமும் வரும், தேய்மானமும் வேகம். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 7,000 ரூபாய் டயர் 45,000 கி.மீ. ஓடினால் ஒரு டயருக்கு ஒரு கிலோமீட்டர் செலவு 16 பைசா. 11,000 ரூபாய் டயர் 30,000 கி.மீ.யில் தேய்ந்தால் 37 பைசா. கடையில் விலையைக் கேட்பதோடு நிற்காமல் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு விஷயம் படியுங்கள். ஒன்று, சுமை எண்: அசல் டயரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. இரண்டு, வேக எழுத்து: க்யூ 160, ஆர் 170, எஸ் 180 கி.மீ. மூன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. இந்தியாவில் விற்கும் டயருக்கு அது கட்டாயம், முத்திரையில்லாத 'இம்போர்ட்டட்' டயரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். நான்கு, தயாரிப்புத் தேதி. அதைப் பற்றி அடுத்த கேள்வியில்.

அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது கனமான வகை. பக்கச் சுவர் பாறையைத் தாங்கும், ஆனால் அதே சுமைக்குக் கூடுதல் காற்று கேட்கும், சவாரி கடினமாகும். ஜிம்னி எடைக்கு அது தேவையில்லை.

ஐந்தாவது டயரையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்தால், அதைப் போட்டு ஓட்டும் நேரத்தில் 2எச்-இல் (இரு சக்கர இயக்கம்) மட்டும் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்ட நிலையில் தார்ச் சாலையில் 4எச் (நான்கு சக்கர இயக்கம்) போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இயக்கத்தை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும், லீவர் வெளியே வராமல் அடம்பிடிக்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் 'ஓல்டு ஸ்டாக், புது டயர்' என்று நல்ல தள்ளுபடி சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், ராயப்பேட்டை

பக்கச் சுவரில் டி.ஓ.டி. எனத் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஒரு பக்கத்தில் முழு எண் இல்லையென்றால் மறுபக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஓராண்டுக்குள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இரண்டாண்டு ஆகியிருந்தால் தள்ளுபடி கணிசமாக இருந்தால் மட்டும், அதுவும் வெயில் படாத குடோனில் நிறுத்தி வைத்ததென்றால் மட்டும். மூன்றைத் தாண்டியது வேண்டாம். சென்னை வெயிலில் ஆறு ஆண்டைத் தாண்டிய டயரை, பட்டன் இருந்தாலும், நெடுஞ்சாலை வேகத்துக்கு நம்பக் கூடாது. ரப்பர் இறுகிவிடும். அப்படியானால் மூன்றாண்டுப் பழைய டயர் வாங்கும்போது அதன் பாதி ஆயுளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்துக் காட்டும் 'தள்ளுபடி'யில் இந்த வரிக் குறைப்பும் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டி கிடையாது.

புதுப்பேட்டையில் பழைய ஏ.டி. டயர்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. ரீட்ரெட் செய்த (தேய்ந்த டயர்மேல் புதுப் பட்டை ஒட்டிய) ஜீப் டயரும் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?
– வாசகர், எழும்பூர்

ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் போடாதீர்கள். பண்ணை, குவாரி என்று மெதுவாக ஓடும் வண்டியின் பின் சக்கரத்துக்கு வேண்டுமானால் சரி. மே மாதத் தார்ச் சாலையில் 80-இல் போகும்போது ஒட்டிய பட்டை பிரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சாலையோரம் கிடக்கும் லாரி டயர்த் துண்டுகளே சொல்லும்.

பழைய டயர் என்றால் பகல் வெளிச்சத்தில், ரிம்மில் மாட்டாமல் பாருங்கள். கறுப்புப் பாலிஷ் பளபளத்தால் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், வெடிப்பை மறைப்பது அந்தப் பாலிஷ்தான். பட்டன்களின் அடியில், பக்கச் சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு உட்புறம். நகத்தால் சுரண்டினால் கறுப்புத் தூள் வருகிறதா, பக்கச் சுவரின் உள்ளே வட்டமாக ஒரு கோடு ஓடுகிறதா? காற்றில்லாமல் ஓட்டப்பட்ட டயர் அது. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே நூல் செத்துவிட்டது. பஞ்சர் ஒட்டு பட்டன் பகுதியின் நடுவில் இருந்தால் ஏற்கலாம், தோள்பட்டையிலோ பக்கச் சுவரிலோ இருந்தால் கூடாது. ரிம்மோடு சேரும் விளிம்பில் கம்பி தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

பெரிய ஏமாற்று, தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழப்படுத்தி விற்பது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், டி.டபிள்யூ.ஐ. என்று பக்கச் சுவரில் அம்புக்குறி போட்டிருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. கார், ஜீப் வகைக்குச் சட்டம் ஏற்கும் குறைந்தபட்ச ஆழமும் அதுதான். கத்தி போட்ட டயரில் அந்த மேடு வெட்டுப்பட்டிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். பள்ளத்தின் ஓரம் வார்த்ததுபோல் மழமழப்பாக இராமல் கூராக இருக்கும். அடியில் நூல் எட்டிப் பார்த்தால் சந்தேகமே இல்லை.

நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்று கிடைத்தால்தான் நான்கு சக்கர இயக்கத்துக்கு உதவும். தனித்தனியாகப் பொறுக்கிய நான்கு டயர், எவ்வளவு மலிவானாலும், கியர் பெட்டியில் செலவு வைக்கும். ரேடியலையும் நைலான் டயரையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

புது ஏ.டி. டயர் போட்டு மூன்று முறை பேலன்ஸிங் செய்தாகிவிட்டது. 85 முதல் 95 வரை ஸ்டீயரிங்கில் மெல்லிய அதிர்வு. அதற்கு மேல் போனால் குறைகிறது. பள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
– வாசகர், மடிப்பாக்கம்

உங்களுடையது தாம்பரம் வாசகரின் நோயல்ல. இது பேலன்ஸிங் அல்லது வட்டக் குறை, அதாவது டயரோ ரிம்மோ முழு வட்டமாக இல்லாதது.

ஜிப்ஸி, ஜிம்னி ரிம்மின் நடுத்துளை 108 மி.மீ. கார்களுக்குப் பழகிய கடையில் பேலன்ஸிங் மெஷினில் சிறிய கூம்பை வைத்து இறுக்கினால் சக்கரம் மையத்தில் உட்காராது, மெஷின் பூஜ்யம் காட்டும், சாலையில் உதறும். கடையில் இதைச் செய்யச் சொல்லுங்கள்: பூஜ்யம் வந்த பிறகு சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்ற வேண்டும். 10 கிராமுக்கு மேல் காட்டினால் மாட்டிய விதமே தவறு. பெரிய கூம்பை உட்புறத்திலிருந்து வைத்து மாட்டச் சொல்லுங்கள், அது இல்லாத கடையென்றால் வேறு கடை.

எடை 100 கிராமைத் தாண்டினால் ஈயத்தை அடுக்கிக்கொண்டே போக வேண்டாம். காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச் சுற்று நகர்த்தி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் பாதியாகக் குறையும். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது இலேசான இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும்.

டயர் விளிம்பு ரிம்மில் முழுதாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய வட்டக் கோடு உண்டு. சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். 40 பி.எஸ்.ஐ.-க்கு மேல் அடித்து உட்காரவைக்க முயலக் கூடாது.

எல்லாம் சரியென்றால் சக்கரத்தைத் தூக்கி, செங்கல்மேல் ஒரு சாக்பீஸை டயருக்கு ஒட்டினாற்போல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் மட்டும் சாக்பீஸ் உரசி, எதிர்ப்பக்கம் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டால் ரிம் வளைவு அல்லது டயர் குறை. டயரைக் கழற்றி ரிம்மை மட்டும் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். டயர் என்றால் வாரண்டியில் கேளுங்கள்.

மலைப்பாதை போய் வந்த மறுநாள் மட்டும் வண்டி உதறுகிறது.
– வாசகர், ஆவடி

ரிம்மின் உட்புறத்தில் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கும். கைப்பிடி மண் போதும், பேலன்ஸ் போய்விடும். உள்பக்கம் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். ஒட்டு எடைகள் கழன்று விழுந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள், பசை தடம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பழைய மஹிந்திரா எம்.எம். 540. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்றது. அதன் பிறகு அதிகம் ஓட்டவில்லை. இப்போது எடுத்தால் முதல் ஐந்து கி.மீ. டுக் டுக் என்று ஆடுகிறது. பிறகு அது குறைந்தாலும் ஸ்டீயரிங் லூசாகவே இருக்கிறது.
– வாசகர், முடிச்சூர்

இரண்டு கோளாறு கலந்திருக்கிறது. முதல் ஐந்து கி.மீ. ஆட்டம், நின்ற இடத்தில் டயர் தட்டையானதால். நைலான் டயரில் இது சகஜம், சூடேறினால் வட்டத்துக்கு வரும். ஓட்டாத நாட்களில் காற்றைச் சற்றுக் கூடுதலாக வைத்து, வாரம் ஒருமுறை கால் சுற்று நகர்த்தி விடுங்கள்.

இரண்டாவதுதான் கவலைக்குரியது. வெள்ளத் தண்ணீர் நக்கிளுக்குள்ளும் ஹப்புக்குள்ளும் போய், கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். அந்தக் கிரீஸுக்கு மசகுத் தன்மை இல்லை, உள்ளே துரு தின்கிறது. மேலே புதுக் கிரீஸை அடைத்து முடித்துவிடாதீர்கள். நான்கு ஹப்பும் இறக்கி, பேரிங்குகளை டீசலில் கழுவி, உருளைகளில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தால் மாற்றுங்கள். முன் நக்கிள் இரண்டையும் பிரித்துக் கிங்பின் பேரிங், ஆக்ஸில் ஜாயிண்ட் பாருங்கள். முன், பின் டிஃபரன்ஷியல், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பாருங்கள், பால் காபி நிறம் என்றால் முழுதும் மாற்றி, 200 கி.மீ. ஓட்டி மறுபடி மாற்ற வேண்டும். ஆக்ஸிலின் மேல் உள்ள சிறு மூச்சுக்குழாய் மண்ணால் அடைத்திருக்கும், ஊதித் திறந்து விடுங்கள்.

டேப்பர் பேரிங் ஹப்பைப் பூட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி உருளைகளை உட்காரவைத்து, பிறகு சற்றுத் தளர்த்தி, தடையின்றிச் சுற்றியும் ஆட்டம் தெரியாத நிலையில் லாக் செய்ய வேண்டும். பத்து கி.மீ. ஓட்டி ஹப்பில் கையை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம்.

ஜிப்ஸியில் நீளமான ஷேக்கிள் போட்டு முன்பக்கத்தை உயர்த்தினேன். அன்றிலிருந்து வண்டி நேராக நிற்காமல் அலைகிறது, சில நேரம் உதறுகிறது.
– வாசகர், பெருங்களத்தூர்

கேஸ்டர் குறைந்துவிட்டது. கிங்பின்னின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேருக்கு வருகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வும் இதற்காகவே. ஜிப்ஸியில் முன் இலைச் சுருளின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீளமாக்கினால் சுருளின் முன்முனை மட்டும் இறங்கி, ஆக்ஸில் முன்னோக்கி உருண்டு, அந்தச் சாய்வு போய்விடும்.

சிறந்த வழி, அசல் ஷேக்கிளைத் திரும்பப் போடுவது. உயரம் வேண்டுமென்றே தீர வேண்டுமானால், சுருளுக்கும் ஆக்ஸில் திண்டுக்கும் நடுவே 2 முதல் 4 டிகிரி இரும்பு ஆப்புத் தகடு வைக்கலாம். கிங்பின்னின் மேல்முனை பின்னால் சாயும்படி தகட்டின் தடித்த பக்கம் வர வேண்டும். திருப்பி வைத்தால் நோய் இரட்டிப்பாகும். அலுமினியத் தகடு நசுங்கும், வாங்காதீர்கள். சென்டர் போல்ட்டின் தலை திண்டின் குழியில் முழுதாக உட்காரும் நீளம் இருக்க வேண்டும். யு-போல்ட்டை 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி முறுக்குங்கள். அதிகம் சாய்த்தால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கோணம் கெட்டு அங்கே அதிர்வு தொடங்கும், ஆகவே தேவையான அளவோடு நில்லுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறுகிறது.
– வாசகர், திருவொற்றியூர்

டயரைத் தொடாதீர்கள். முன் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒன்றாக இல்லை. எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, குறைந்தபட்சத் தடிமன் மிச்சமிருந்தால் லேத்தில் சமன்செய்யலாம், இல்லையென்றால் இரண்டு டிஸ்க்கும் பேடும் மாற்ற வேண்டும். பொருத்தும் முன் ஹப் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டி எடுக்காவிட்டால் புது டிஸ்க்கும் அலையும். சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்சால், அளவாக முறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முறுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக்கும்.

தார் 18 அங்குல ரிம். 255/65 டயர் விலை அதிகமாக இருக்கிறது. 16 அங்குலத்துக்கு இறங்கலாமா?
– வாசகர், போரூர்

இறங்கலாம். அதே தாரில் 245/75 ஆர்16 கொடுத்த வகைகளும் வந்தன. விட்டம் 789-லிருந்து 774 மி.மீ. ஆகும், 2 சதவீதம்கூடக் குறையாது. பக்கச் சுவர் உயரம் 166-லிருந்து 184 மி.மீ. ஆவதால் பள்ளத்தில் ரிம் அடிபடுவது குறையும். கம்பெனி 16 அங்குல ரிம்மாகவே தேடுங்கள், ஆறு துளை, 139.7 மி.மீ. வட்டம். ரிம்மின் நட்டு வகையையும் சேர்த்து வாங்குங்கள், கூம்பு நட்டுக்கான ரிம்மில் தட்டை நட்டைப் போட்டால் சக்கரம் கழலும். ஐந்து ரிம், ஐந்து டயர் கணக்குப் போட்டு, பழைய 18 அங்குல செட்டை விற்றால் வருவதைக் கழித்துப் பாருங்கள். அசல் டயரில் இன்னும் பாதி ஆயுள் இருக்கும்போதே மாற்றினால் அந்த செட்டுக்கு நல்ல விலை கிடைக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் டயர் வெடிக்காமலிருக்கக் காற்றைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், பல்லாவரம்

தவறு, ஆபத்தானதும்கூட. காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகம் மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடிப்புதான் சூட்டை உண்டாக்கி டயரைக் கிழிக்கிறது. வண்டி ஓட்டும் முன் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய பிறகு 4, 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டினால் அதை இறக்காதீர்கள்.

காற்றை இறக்க வேண்டிய இடம் மணலும் பாறையும்தான். மணலில் 15 முதல் 18, பாறைப் பாதையில் 20 பக்கம். அந்த அளவில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், வெடுக்கென்று திருப்பாமல் ஓட்டுங்கள். இல்லையென்றால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச் சாலையில் ஏறும் முன் நிரப்ப, வண்டியில் ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸரும், நம்பிக்கையான அளவுமானியும் இருக்கட்டும்.